முறுக்கு டின்னில் கட்டிய ஆம்ப்ளிஃபையர்

என் கணவருக்குக் காது போய்விட்டது என்பதை எங்களுக்கு முதலில் சொன்னது டாக்டர் இல்லை. ஒரு முறுக்கு டின்.

அவர் புதுவயலில் ஒரு அரிசி மில்லில் ஃபிட்டர். தச்சுக் குடும்பத்தில் பிறந்து, உளியை விட்டு ஸ்பேனரைப் பிடித்தவர். நான் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்கிறவள். ஒரே மகள், காலேஜில் படிக்கிறாள். எங்கள் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி ஒரே விஷயத்துக்காகத்தான் வரும்: நான் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. குக்கரை அடுப்பில் வைத்து, "மூணு விசில் வந்தா அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவேன். வந்து பார்த்தால் பருப்பு கருகிக் கிடக்கும். இவர் அடுப்புக்கு எதிரிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "உங்ககிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று கத்துவேன். சிரிப்பார். காது கேட்கவில்லையோ என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. திமிர் என்றுதான் நினைத்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. மில்லில் அவருக்குப் பேரே காதால் வந்ததுதான். நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டரோ வேறு மிஷினோ, ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு "ஓட்டலாம்" என்பார், அல்லது "நிறுத்து" என்பார். அவர் சொன்னதற்கு முதலாளியே மறுபேச்சு பேசமாட்டார். பேரிங் கிரீஸ் இல்லாமல் காய ஆரம்பித்தால் முதலில் மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் வருமாம். அதைத் தவறவிட்டால் சூடேறும். பக்கத்திலேயே உமித் தூசி கிடக்கிறது, தீப்பிடிக்க நேரமாகாது. இல்லாவிட்டால் பெல்ட் அறுந்து ஆள்மேல் அடிக்கும். இதையெல்லாம் கல்யாணமான புதிதில் பெருமையாக எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஆம்ப்ளிஃபையர் பைத்தியம் அவருக்குச் செல்போன் வீடியோவில் பிடித்தது. யாரோ ஒருவர் பழைய ரேடியோ வால்வு ஒன்றை வைத்து வீட்டிலேயே கட்டிக் காட்டினார். ஒரே வால்வு பாட்டை முழுக்கத் தூக்கிச் சுமக்கும், அதற்கு 'சிங்கிள் எண்டட்' என்று பேர். அதைப் பார்த்த பிறகு இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழம்பொருள் கடையில் தூசிக்குள் கிடந்த உடைந்த ரேடியோவிலிருந்து வால்வைப் பிடுங்கி வந்தார். செத்துப்போன யு.பி.எஸ்ஸைப் பிரித்து, அதன் இரும்புத் தகடுகளின் மேல் தானே கம்பி சுற்றி ட்ரான்ஸ்ஃபார்மர் செய்தார். தகடுகளுக்கு நடுவே மெல்லிய தாள் ஒன்று வேண்டும் என்றார். பத்திரிகைக்குள் வைக்கிற வழுவழுத் தாளில் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாவற்றையும் பூட்ட ஒரு பெட்டி தேவைப்பட்டது. அவருடைய தங்கை மகள் கல்யாணத்தில் முறுக்கு வந்த டின்னை நான் அரிசி போட்டு வைக்கலாம் என்று கழுவிக் கவிழ்த்திருந்தேன். அது ஓட்டை விழுந்து வால்வு முளைத்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

"உள்ள முந்நூறு வோல்ட் ஓடுது. கிட்ட வந்துராத" என்றார்.

"நான் ஏன் வாரேன்? எனக்கு அரிசி கொட்ட வேற டின்னு வேணும்" என்றேன்.

கடைசியில் ஒரு வேலைதான் பாக்கி. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றிலிருந்து ஒரு வயரைத் திருப்பிக் கொண்டுவந்து, பாட்டு உள்ளே நுழைகிற இடத்தில் சேர்க்க வேண்டும். சரியான பக்கம் சேர்த்தால் பாட்டின் பிசிறு போகும். தப்பான பக்கம் சேர்த்தால் பெட்டி கத்தும். ட்ரான்ஸ்ஃபார்மரை இவரே சுற்றியதில் எது தலை, எது வால் என்று குறித்துவைக்க மறந்துவிட்டார். அதற்கும் அந்த வீடியோவில் வழி இருந்தது: ஏதோ ஒரு பக்கம் சேர்த்துப் பார், கத்தினால் மாற்றிப் போடு. இவர் சேர்த்துப் பார்த்தார். கத்தவில்லை. உடனே சால்டர் வைத்து உறுதியாகப் பற்றவைத்து, டின்னையும் மூடிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் மகளையும் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். வால்வு மெல்லச் சிவந்தது. ஒரு நாதஸ்வரத்தைப் போட்டார். நாதஸ்வரம் வந்தது. கூடவே, கண்ணாடியில் ஆணியால் கீறுவதுபோல, விடாமல் ஒரு விசிலும் வந்தது. நானும் மகளும் ஒரே நேரத்தில் காதைப் பொத்தினோம்.

"எப்புடி? துளி இரைச்சல் இல்ல பாத்தியா?" என்றார் என்னிடம். முகமெல்லாம் பல்.

"அப்பா, விசில் அடிக்குதுப்பா" என்றாள் மகள்.

"எங்குட்டு?"

"எங்குட்டா? வீடு முழுக்க அடிக்குது."

"ரெண்டு பேரும் பேசிவச்சு என்னைய ஓட்டுறீகளா?"

மகள் தன் போனை எடுத்து, சத்தத்தைக் கோடாகக் காட்டுகிற ஆப் ஒன்றைத் திறந்து டின்னுக்கு முன்னால் வைத்தாள். பாட்டை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார். திரையில் மற்ற கோடுகள் எல்லாம் படுத்துவிட்டன. வலது ஓரத்தில் ஒன்று மட்டும் நெட்டுக்குத்தாக நின்றது. அவர் டின்னின் சுவிட்சை அணைத்தார், கோடு விழுந்தது. போட்டார், எழுந்தது. திரும்பத் திரும்ப அணைத்தும் போட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

பிறகு டின்னைக் கவிழ்த்து, பற்றவைத்ததைப் பிரித்து, இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினார். சுவிட்சைப் போட்டதும் வீட்டில் அப்படி ஓர் அமைதி. அவருக்கு அது தெரியவில்லை. விசில் நின்றதா என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இத்தனை வருஷமாக நான் கத்தியதெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தது. "சாப்பிட வாரீகளா?" என்று மட்டும் கேட்டேன்.

காது டாக்டர் அவரை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். நான் வெளியே நின்று அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அமுக்கியது. அப்புறம் எப்போதாவது அமுக்கியது. பிறகு அமுக்கத் தயாராக அப்படியே நின்றது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். மில் இரைச்சலில் நரம்பு கெட்டுவிட்டது, போனது வராது, இனி அந்தச் சத்தத்தில் நிற்காதீர்கள் என்றார் டாக்டர். கிராஃப் தாளைக் கையில் கொடுத்தார். பாதி வரை நேராக வந்த கோடு அதற்கப்புறம் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. ஆம்ப்ளிஃபையர் படித்தவருக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது ஸ்பீக்கரா இருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை பெரிய சண்டை. அவர் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லப் போவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். "காது கேக்காத ஃபிட்டருக்கு யாரு வேலை குடுப்பா? புள்ள படிப்பு இன்னும் பாதியிலதான் இருக்கு. வாயைத் தொறக்காதீக" என்றேன்.

"பேரிங்கு கீச்சுன்னா எனக்குக் கேக்காதுடி. அது தெரிஞ்சுக்கிட்டு எப்புடி ஓட்டலாம்னு சொல்லுவேன்? எலிவேட்டர் மேல ஏறி நிக்கிறவன் என் பேச்சை நம்பித்தான ஏறுறான்?"

ஆனால் சொல்வதற்கு முன்னால் அவர் இன்னொரு காரியம் செய்ய வேண்டும் என்றார். தன் கையிலிருந்து அந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொள்ள, காது கேட்கிற ஓர் ஆளை அங்கேயே தேட வேண்டும். மகளிடம் சொல்லி, டின் அடித்த அதே மாதிரி ஒரு விசிலையும், கோடு காட்டுகிற அந்த ஆப்பையும் தன் போனில் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனார்.

திரும்பி வந்தவர் கை கால்கூடக் கழுவவில்லை. ஆம்ப்ளிஃபையர் பக்கம் பார்க்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கரண்ட் இல்ல. மில்லு நின்னு கெடந்துச்சு. எல்லாரும் டீக்கு ஒண்ணா உக்காந்திருந்தாக. போனை நடுவுல வச்சு விசிலைப் போட்டேன். எனக்குக் கேக்கல, கோடு மட்டும் தெரிஞ்சுச்சு. யாராச்சும் திரும்புவாகன்னு பாத்தேன். ஒருத்தரும் திரும்பல. பேசிக்கிட்டே டீயக் குடிச்சாக. டீ கொண்டாந்த அம்மா மட்டும் காதைப் பொத்திக்கிட்டு, அந்தக் கருமத்தை நிறுத்துங்கண்ணேன்னுச்சு. அது வெளியாளு."

"முதலாளிகிட்ட சொன்னீகளா?"

"சொன்னேன். என் காது போச்சு, உள்ள ஒருத்தர் காதும் சரியில்லன்னு சொன்னேன். போனை அவரு மேசை மேல வச்சு, இந்தச் சத்தம் எங்க யாருக்கும் கேக்கல மொதலாளின்னேன்."

"என்ன சொன்னாரு?"

"எந்தச் சத்தம்னு கேட்டாரு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதலாளி பையனாக இருந்தபோதிலிருந்தே அந்த மில்லுக்குள் வளர்ந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேலை போகுமோ என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. போயிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு முதன்முறையாக வேண்டினேன்.

மறுநாள் காலையும் சோறு கட்டிக் கொடுத்தேன். பைக்கில் புதுவயலுக்குப் போனார். எலிவேட்டரை ஓட்டலாமா, நிறுத்தலாமா என்று அன்றும் அவரைத்தான் கேட்டார்கள்.