மார்லிஸ் ஹாகே கேட்ட வழியனுப்பு

மார்லிஸ் ஹாகே பேசுவாள் என்பதே எங்கள் சீஸ் ஆலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. பொட்டலம் கட்டும் பிரிவில் பாதி ஆயுசைக் கழித்தவள். நானும் அங்கேதான் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். மேற்பார்வையாளர் ஹாலண்ட் கத்தினால் தலையைக் குனிந்துகொண்டு பெல்ட்டைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அதே மார்லிஸைச் சனிக்கிழமை மதியம் ஆரின் ட்ரெப்டோவின் கடைப் பின்னறையில் பார்க்க வேண்டும். ஞாயிறு கால்பந்துக்கு உரியது. எங்கள் ஊர் ஆஷ்காஷில் அதில் யாரும் கைவைக்க முடியாது. அதனால் எங்கள் 'கல்வாசல்' ஆட்டம் சனிக்கிழமை. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேசுவோம். ஆரின் கதையை நடத்துவான். ஜெயிப்போமா தோற்போமா என்பதைப் பகடை சொல்லும். நடுவில் ஒரு கிண்ணம் நிறையப் பொரித்த சீஸ் கட்டி இருக்கும்.

மார்லிஸின் பாத்திரம் பிரிண்டில், ஒரு வாசற்காவலர். வாசற்காவலருக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு சக்தி உண்டு. ஒரு வாசலில் நின்றுவிட்டால், பின்னால் இருக்கிறவர்கள் தப்பிக்கும்வரை அவரை யாராலும் நகர்த்த முடியாது. "இந்த வாசலத் தாண்டணும்னா என்னைக் கேட்டுட்டுத் தாண்டுடா!" என்று முதல் தடவை அவள் ஒரு ராட்சதனைப் பார்த்துக் கத்தியபோது கிண்ணமே ஆடியது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் விதிகள் புதிய பதிப்பாக வந்தால் பழைய பாத்திரங்களுக்கு வழியனுப்பு நடக்கும். அன்றைக்குப் பகடை உருட்டக் கூடாது. தன் ஆள் கடைசியில் என்ன ஆனான் என்பதை அவரவரே சொல்வார்கள். ஆரின் குறுக்கே பேச முடியாது. போன பதிப்பு முடிந்தபோது என் பாத்திரமான குள்ளன் தன் சொந்த பீர் கடையில் நிம்மதியாகத் தூங்கிப்போனான். நான் அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம்.

இந்த இலையுதிர் காலத்தில், ஆட்டத்தை வெளியிடும் கம்பெனி மூன்று தடித் தடி விதிப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. எல்லா அத்தியாயமும் புதுசு. வாசற்காவலர் என்ற பேச்சே இல்லை, அடியோடு தூக்கிவிட்டார்கள். ஆனால் புத்தக அட்டையில் புதிய பதிப்பு எண் போடவில்லை. இது புதிய பதிப்பு அல்லவாம், வெறும் திருத்தமாம், பழைய புத்தகமும் செல்லுமாம். புதுசு என்று சொன்னால் கிடங்கில் இருக்கும் பழைய புத்தகத்தை எவனும் வாங்க மாட்டான், அதுதானே விஷயம்? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டுமா?

மார்லிஸ் பிரிண்டிலுக்கு வழியனுப்பு கேட்டாள். ஆரினோ கம்பெனி சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டு வந்து நின்றான்.

"புதுப் பதிப்பு இல்லையே மார்லிஸ். அப்புறம் எதுக்கு வழியனுப்பு? பிரிண்டிலக் காவல் வீரரா மாத்திக்கோ. சின்ன வேலைதான்."

"அவளால வாசல்ல நிக்க முடியுமா?"

"அது முடியாது. ஆனா பெரிய கேடயம் உண்டு."

"அப்ப அவ பிரிண்டில் இல்ல."

எங்களோடு ஆடுகிறவர்களில், குழாய் வேலை பார்க்கும் லெஸ்டர் உடனே ஆரம்பித்தான். "எண் மாறலன்னா பதிப்பு மாறலப்பா." தபால்காரர் வெர்ன், "எத்தனை விதி மாறினா புதுசுன்னு சொல்லுவ? கணக்கு வேணாமா?" என்றார். அவ்வளவுதான், தீர்ந்தது. வாரக்கணக்கில் ஆட்டமே நடக்கவில்லை, வாய்ச்சண்டைதான். பிரிண்டில் யாருடையவள் என்று எந்தத் தடியனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதே சமயம் ஆலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பொட்டலம் கட்டுகிறவர்கள் இனிமேல் 'தயாரிப்பு நிறைவு உதவியாளர்கள்'. அதே இயந்திரம், அதே பெல்ட், அதே சீஸ். ஆனால் இது புதிய பதவியாம். அதனால் பணி வருஷம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குமாம். நல்ல ஷிப்டு, நீண்ட விடுப்பு எல்லாம் போச்சு. புதுப் பதவிப் பெயர் போட்ட அட்டையை மார்லிஸ் சட்டையில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை லெஸ்டர் மறுபடி, "எண் மாறல..." என்று இழுத்தான். மார்லிஸ் எழுந்தாள். பேசியது பிரிண்டில் இல்லை, மார்லிஸேதான்.

"ஆலையில நான் செய்யற வேலை துளிகூட மாறல. புது வேலைன்னு சொல்லி என் வருஷத்தையெல்லாம் புடுங்கிட்டாங்க. இங்க ஆட்டமே தலைகீழா மாறிப்போச்சு. பழசுதான்னு சொல்லி என் பிரிண்டிலப் புடுங்கறீங்க. பேரு வைக்கறவனுக்குத்தான் ரெண்டு பக்கமும் லாபமா? உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

"கம்பெனி சொன்னதத்தானே நான்..." என்றான் ஆரின்.

"சனிக்கிழமை சனிக்கிழமை கம்பெனியா வந்து உன் பக்கத்துல உக்காருது? நாங்க உக்காருறோம்டா!"

நான் என் பகடைகளைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். வெர்னும் போட்டார். லெஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சரி சரி, முறைக்காதீங்க," என்று தன்னுடையதையும் போட்டான். ஆரின் தன் குறிப்புகளை மறைக்க நிறுத்தி வைத்திருந்த அட்டைத் தட்டியை மடித்துக் கீழே படுக்க வைத்தான். எங்கள் மேஜையில் வழியனுப்பு தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மார்லிஸ் நின்றபடியே சொன்னாள்.

"ஆத்துப் பாலத்து வாசல். நீங்க எல்லாரும் எனக்குப் பின்னால பாலத்து மேல தப்பிச்சு ஓடறீங்க. எதிர்ல படை வந்து நிக்குது. 'நீ இனிமே வாசற்காவலர் இல்ல, தள்ளு'ங்கறான் தளபதி. பிரிண்டில் தள்ளல. கடைசி ஆள் அக்கரை சேர்ந்ததும் வாசல அவளே மூடறா. சாவிய ஆத்துல வீசிட்டு நடந்து போறா. சாகல. புதுப் பேரு சொல்லி எவன் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கல."

உட்கார்ந்து ஆறிப்போன சீஸ் கட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். லெஸ்டர் மூக்கை உறிஞ்சினான். அதற்குப் பிறகு பதிப்பு எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை ஆலையில் அவள் சட்டையில் அட்டை இல்லை. ஹாலண்ட் தன் அறையிலிருந்து, "மார்லிஸ், அட்டை எங்க?" என்று கத்தினார்.

அவள் போய் அவருடைய அறை வாசலில் நின்றாள். இந்தத் தடவை தலை குனியவில்லை.

"பழைய அட்டையக் குடுங்க, என் வருஷத்தோட. அதுவரைக்கும் இங்கதான் நிப்பேன்."

"வழிய விடு, எனக்கு வேலை இருக்கு."

அவள் நகரவில்லை. பெல்ட் பக்கமிருந்து பொட்டலம் கட்டுகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். நான் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, அவர்களோடு போய் நின்றேன்.