பள்ளிவாசல் பூனையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்த விதம்

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, கல்முனையில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் இது நடந்தது.

எங்கள் பகுதியில் வெட்கக்கேடான வழக்கம் ஒன்று உண்டு. வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, பள்ளிவாசல் மதிலோரம் அவிழ்த்து விடுவார்கள். இறைவனின் இல்லத்தில் ஒப்படைத்தாயிற்று, இனித் தமக்குப் பொறுப்பில்லை என்பது அவர்கள் எண்ணம். ஒரு பிடி சோறு போட மனமில்லை. பாவமும் தம்மைச் சேரக்கூடாது!

அப்படி வந்த சாம்பல் நிறப் பூனை ஒன்று தொழுகை வரிசைகளுக்கிடையே சில வாரங்களாகத் திரிந்தது. ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் நிருவாகி ஒருவர், மறுநாள் அதைப் பிடித்து வயல்வெளியில் விடப்போவதாக அறிவித்தார். என்னால் பொறுக்க இயலவில்லை.

"கொண்டு வந்து உட்டவங்களக் கேக்க ஒங்களுக்கு ஏலா. வாயில்லாத பூனையப் புடிக்க மட்டும் சாக்கோட வருவீங்களா?" என்றேன்.

"மாஸ்டருக்கு அவ்வளவு இரக்கமெண்டா, வீட்ட கொண்டு போய் வளருங்களன்!" என்று, ஆசிரியனான என்னைப் பார்த்து நிருவாகி சொன்னார்.

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "கொண்டுதான் போகப் போறன்" என்று கூறி, மூடியுள்ள கூடையொன்றை வருவித்துப் பூனையை எடுத்துச் சென்றேன்.

தெருப் பூனையை முதலில் ஒரே அறையில் வைத்திருக்க வேண்டும், மணல் தட்டும் நீரும் உணவும் அங்கேயே இருக்க வேண்டும், பழகும்வரை வெளியே விடலாகாது என்று கால்நடை வைத்தியர் ஒருவர் முன்னர் கூறியிருந்தார். அவ்வளவையும் பிழையின்றிச் செய்தேன். பூனையோ மீனை முகர்ந்தும் பார்க்கவில்லை. கதவைப் பிறாண்டிப் பிறாண்டிக் கதறியது.

"இஞ்ச பாருங்க, இது சும்மா கத்துற கத்தல் இல்ல" என்றார் என் மனைவி.

"புது இடம். நாளைக்குப் பழகிரும்" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

மறுநாள் காலை, காரைதீவிலிருந்து வழக்கமாக மீன் கொண்டுவருபவர் அந்தக் கதறலைக் கேட்டுப் பூனையைப் பார்க்க விரும்பினார். தூக்கி வயிற்றைத் தடவியதும் அவர் முகம் மாறியது.

"சேர், இது குட்டி போட்ட பூனை. மடியெல்லாம் பால் கட்டிக் கிடக்கு. குட்டியள எங்க விட்டீங்க?"

என் இரு கைகளாலும் தூக்கிவந்த உயிரின் வயிற்றை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"இதையே கொண்டு போவம், சேர். இடத்த அது காட்டும்."

மீன்பெட்டியை எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டு அவரும் உடன் வந்தார். பூனை வீதிக்குப் பாய்ந்துவிடாதபடி பள்ளிவாசலின் வாயிற்கதவைச் சாத்திய பின்னர் கூடையைத் திறந்தோம். அது நேரே, இறந்தவரைச் சுமந்து செல்லும் சந்தூக்கு வைக்கும் அறைக்கு ஓடி, உடைந்த சன்னல் வழியே உள்ளே பாய்ந்தது. ஊரில் மரணம் நேர்ந்தாலன்றித் திறக்கப்படாத அறை அது. பாங்கு சொல்லும் மோதினார் திறவுகோலுடன் ஓடிவந்தார்.

சந்தூக்கின் அடியில், பழைய பாய்மேல் மூன்று குட்டிகள் கிடந்தன. இரண்டு தாயின் மடியைத் தேடி ஊர்ந்தன. மூன்றாவதைத் தாய் நக்கி நக்கிப் புரட்டிக்கொண்டேயிருந்தது. அது அசையவில்லை.

செய்தியறிந்து வந்த நிருவாகி, "பூனதானே மாஸ்டர், உடுங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆயினும் அவரை எதிர்த்துப் பேசும் தகுதியை நான் இழந்திருந்தேன். மீன்காரர் மதிலோரத்தில் சிறு குழி தோண்டினார்.

தாயையும் இரு குட்டிகளையும் ஒரே கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று நண்பகலில்தான் அது மீனைத் தின்றது. கதவு திறந்தே கிடந்தது. அது வெளியேற முயலவில்லை.

குட்டிகள் வளர்ந்துவிட்டன. உயிரொன்றைக் காப்பாற்றிவிட்டேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதை நம்பி வேறெந்த உயிர் எங்கே கிடக்கிறது என்று பார்த்தீர்களா என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிடுகிறேன். அந்தக் கடுமை யார்மேல் என்பது அவர்களுக்குத் தெரியாது.