வெள்ளைக் கோடு போட்ட போல்ட்டு

"பெல்ட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு நேரம்?" என்றுதான் டாக்ஸிக்காரர் நாராயணப்பன் ஆரம்பித்தார்.

பொற்கொடி காருக்குள் விட்ட தலையை எடுக்கவில்லை. "சீட்டு சீக்கிரம் மாட்டிடலாங்க. பெல்ட்டுதான் நேரம் எடுக்கும். அப்பவே சொன்னன்."

"அது சும்மா, அத்திப்பள்ளி பார்டர் தாண்டினா போலீஸ்காரனுக்குக் காட்டறதுக்குத்தானே."

"காட்டறதுக்கு மட்டும்னா தோள்ல ஒரு கறுப்புத் துண்டப் போட்டுக்கினு போங்க. என்னை எதுக்கு குனிய வெக்கறீங்க?"

நாராயணப்பன் சிரித்தார். "பேக மாடும்மா, சீக்கிரம் ஆகட்டும். எம்பொண்ணு மஞ்சுளா மத்திகிரில காத்துக்கினு இருக்கா. ஏழு மாசம். லேட்டா போனா பெங்களூர் டாக்டரம்மா பாக்க மாட்டாங்க."

"முன் சீட்டுலயா உக்காருது?"

"பின்னாடி உக்காந்தா வாந்தி வருதாம்."

"அப்படின்னா இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள் பொற்கொடி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

2008இல் ஓசூரில் கரண்ட் போவதற்காக யாரும் வேலையை நிறுத்துவதில்லை. பாகலூர் ரோட்டில் சென்னப்பனின் கார் சீட் கடையில் பில் போடும் ஜெயப்ரியா, யாரும் கேட்காமலே டார்ச்சை எடுத்துப் போய்க் காருக்குள் அடித்தாள். அவள் அதிகம் பேசுகிற பெண் அல்ல. எட்டாவது வரை கன்னடப் பள்ளி, அதன் பிறகு தமிழ்ப் பள்ளி. இரண்டு மொழியிலும் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. வேலை முடிந்ததும் பொற்கொடி சின்ன பிரஷ்ஷை வெள்ளைப் பெயின்ட்டில் தொட்டு, போல்ட்டுகளின் தலைமேல், அடியில் இருக்கும் தகட்டையும் தொடும்படி, வரிசையாகக் கோடு இழுத்தாள். ஜெயப்ரியா கோடுகளைப் பார்த்தாள், சாவியைக் கொடுத்தாள். வண்டி போய்விட்டது.

அந்தக் கோடு பொற்கொடி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழக்கம். சாமல்பட்டிக்காரி. கல்யாணமாகி மத்திகிரி வாடகை வீட்டுக்கு வந்தவள், புடவைமேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தாள். அங்கே ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கினால்தான் அதன்மேல் கோடு விழும். கோடு இல்லாத சீட்டை அடுத்த ஆள் தொடமாட்டான். காண்ட்ராக்ட்காரர்களை வீட்டுக்கு அனுப்பியபோது அந்தச் சட்டையோடும் கோடு போடும் பழக்கத்தோடும் சென்னப்பன் கடைக்கு வந்து நின்றாள். "கவர் தைக்கவா?" என்று கேட்டார் சென்னப்பன். "சீட்டு மாட்ட" என்றாள்.

கடையில் வேலை செய்த ஆண்களுக்கு அது வேடிக்கை. "பொற்கொடி எதப் பாத்தாலும் பொட்டு வெக்குதுப்பா" என்பார்கள். "உங்க நெத்தியில காச ஒட்டறதுக்கு முன்னாடி நான் பொட்டு வெச்சிடறன்" என்பாள் அவள்.

கடையில் வாங்கிப் போடும் புதுச் சீட்டு பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் பெல்ட்டைச் சொருகும் லாக்கை மாட்ட அதில் இடம் இருக்காது. பழைய சீட்டின் உடம்பிலேயே இருந்த லாக், சீட்டு கழன்றதும் அனாதையாகிவிடும். சில கடைகளில் தரைத் தகட்டில் ஓட்டை போட்டு, கைக்குக் கிடைத்த போல்ட்டில் மாட்டி அனுப்பிவிடுவார்கள். பொற்கொடி அதற்கு ஒப்பமாட்டாள். சீட்டு முன்னும் பின்னும் நகர்வதற்காகக் கார் கம்பெனி போட்ட ரெயிலைக் கழற்றாமல், அந்தக் கம்பெனி போல்ட்டாலேயே லாக்கை அதில் பிடிப்பாள்.

வண்டி போன சற்று நேரத்தில் கை கழுவிவிட்டு, கர்ச்சீப்புக்காகச் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். விரலில் ஒரு வாஷர் தட்டுப்பட்டது. போல்ட்டு தளராமல் பிடிக்கிற கனமான ஸ்பிரிங் வாஷர். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஜெயா, லாக்கு போல்ட்ட நான் இறுக்கல."

"கோடு இருந்துச்சேக்கா."

"கோடு இருக்குது. வாஷர் போடாம, சும்மா கையால திருகி நிக்க வெச்சிருந்தன். கரண்ட் போச்சு. மத்ததெல்லாம் இறுக்கிட்டு இதையும் சேத்துக் கோடு இழுத்துட்டன்."

கம்பெனியில் ஒரு போல்ட்டு இறுக்கினால் ஒரு கோடு. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு மொத்தமாகக் கோடு போடும் பழக்கம் இந்தக் கடையின் அவசரத்தில் எப்போது ஒட்டிக்கொண்டதென்று அவளுக்கே தெரியவில்லை.

"எந்தப் பக்கம்க்கா?"

"அந்தப் பொண்ணு உக்கார்ற பக்கம்."

ஜெயப்ரியா போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பார்டர் தாண்டினால் ரோமிங், வருகிற காலுக்கும் காசு போகும் என்று, பெங்களூர் சவாரி என்றாலே வண்டி எடுக்கும்போதே போனை அணைத்துவிடுகிறவர் நாராயணப்பன்.

"சாயங்காலம் வருவாரு, இறுக்கிக் குடுத்துடலாம்" என்றார் சென்னப்பன். "நாமளே தேடிப் போயி தப்புப் பண்ணிட்டம்னு சொல்வாங்களா யாராச்சும்?"

பொற்கொடி ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டாள். "அவரு மத்திகிரி போயி பொண்ண ஏத்திக்கினுதான் போகணும். டாக்ஸிக்கு வரி கட்ட அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுல நின்னாகணும். ஜெயா, நீயும் வா. அங்க கன்னடம், எனக்குப் பேச வராது."

டிவிஎஸ் ஃபிப்டி இரண்டு பேரைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவு வேகம் போனது. லாரிகள் உரசிக்கொண்டு தாண்டின. முன்னால் ஒரு பஸ் சட்டென்று நின்றபோது பொற்கொடி காலை ஊன்றித்தான் வண்டியை நிறுத்தினாள். இப்படி ஒரு பிரேக்கை அந்தக் கார் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் இருவர் மனதிலும் ஓடியது. பெல்ட் தோளில் இருக்கும். லாக் போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றுக்கு அப்பால் நாராயணப்பன் ரசீதை மடித்துக்கொண்டே கார்க் கதவைத் திறப்பது தெரிந்தது. பொற்கொடி கூப்பிட்டாள். ஹாரன் சத்தத்தில் குரல் எடுபடவில்லை. கார் நகர்ந்தது.

ஜெயப்ரியா ஓடும் வண்டியிலிருந்தே குதித்தாள். லாரிகளுக்கு நடுவில் ஓடி, "ஆ காடி நில்சி, பிளி காடி நில்சி" என்று தடுப்புக் கம்பத்தருகே நின்ற ஆளைப் பார்த்து அந்த வெள்ளை வண்டியை நிறுத்தச் சொல்லி அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, கம்பத்தை இறக்கிவிட்டான். வெள்ளைக் கார் அதன்முன் நின்றது.

பொற்கொடி தார் ரோட்டில் மண்டியிட்டு லாக்கைத் தொட்டாள். போல்ட்டு விரலுக்கே சுற்றியது. அதைக் கழற்றி, வாஷரைப் போட்டு, ஸ்பேனரில் முழு உடம்பையும் கொடுத்து இறுக்கினாள். பழைய வெள்ளைக் கோடு முறிந்து, பாதி போல்ட்டிலும் பாதி தகட்டிலுமாக விலகி நின்றது.

சீட்டிலிருந்து இறங்கி நின்ற மஞ்சுளா வயிற்றில் கை வைத்தபடி, என்ன ஆச்சு என்று புரியாமல், "ஏனாயித்து?" என்றாள்.

சும்மா ஒரு செக்கிங் என்று கன்னடத்தில் சொல்லத்தான் ஜெயப்ரியா வாயைத் திறந்தாள். அந்த அளவு கன்னடம் பொற்கொடிக்குப் புரியும்.

"பூசி மெழுகாத ஜெயா. நான் இறுக்காம உட்டுட்டன்னு சொல்லு."

ஜெயப்ரியா சொன்னாள். மஞ்சுளா ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டு, இரண்டு கையாலும் லாக்கை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

நாராயணப்பன் இப்போது சிரிக்கவில்லை. "துண்டப் போட்டுக்கினு போகச் சொன்னியேம்மா. துண்டத்தான் போட்டுக்கினு வந்திருக்கோம்."

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க பக்கமும் ஒருக்கா இழுத்துப் பாத்துக்கறனுங்க" என்றாள். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பி வந்து கடைக்குள் நுழைந்ததும் பொற்கொடி பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்து, ஜெயப்ரியாவின் பில் மேசைமேல் வைத்தாள்.

"இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும். நான் இறுக்கறன். நீ உள்ள உக்காந்து, பெல்ட்டப் போட்டு, இருக்கற பலத்தோட இழுத்துப் பாரு. அப்பறம் கோடு போடு. நான் அவசரம்னு பிரஷ்ஷக் கேட்டா மட்டும் குடுத்துடாத, ஜெயா."