வரித்தலை வாத்து, வடக்கால பறந்தது

தை மாதக் கடைசியில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. எங்கும் போகும் எண்ணம் இல்லை. நிசார்தான் கூப்பிட்டான். "வரித்தலை வாத்து வந்திருக்காம்டா. கிளம்பி வா."

நிசார் கல்லூரி நண்பன். அய்யம்பேட்டையில் அத்தாவின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். கடை திறக்கும்வரை பறவை பார்ப்பான். பாதி தெரிந்த பறவையைப் பார்த்ததாகச் சொல்லமாட்டான். "வாலத்தான் பாத்தேன், கணக்குல சேராது" என்பான். நான்கு குளிர்காலமாக இந்த வாத்தைத் தேடுகிறான். எனக்குக் கொக்கைத் தெரியும். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

சென்னையிலிருந்து இரவு ரயில். படுக்கை வசதி, 235 ரூபாய். விடியுமுன் தஞ்சாவூர். நிலையத்துக்கு வெளியே ஒரு காபி, இருபது ரூபாய். நிசாரின் பைக்கில் திருவையாறு, சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். பனி. வழியில் பாலம் மேல் பாலம்.

"இது காவிரியா?"

"வெண்ணாறு."

"இது?"

"வெட்டாறு. கம்முனு வா. காவிரி வந்தா நானே சொல்றேன்."

காவிரி வந்தபோது அவன் சொல்ல மறந்துவிட்டான். நான் கடந்ததை அறியாமல் கடந்திருந்தேன்.

திருவையாற்றுக்கு வடக்கே ஓர் ஏரி. பெயர் எழுதப்போவதில்லை, காரணம் பின்னால் வரும். கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சிறு காட்டு வாத்துகளான கிளுவைகள், நாமக்கோழிகள், மரம் நிறைய நத்தைகுத்தி நாரைகள். தொலைநோக்கியில் எனக்கு என் இமை முடிதான் பெரிதாகத் தெரிந்தது. வரித்தலை வாத்து இல்லை. நிசார் பைக்கை எடுத்தான்.

மூன்று கிலோமீட்டர் தள்ளி, சம்பா அறுத்த வயல். தாளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் மேய்ச்சல் வாத்துகள். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்ன, வாத்துக்காரர்கள் ஊர் ஊராக ஓட்டி வருவார்கள். நிசார் சட்டென்று பிரேக் போட்டான். பழுப்புத் தலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தலை. பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு.

படம் எடுத்தான். அங்கேயே நின்று, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இடத்தோடு.

பிறகுதான் வயலில் இறங்கினோம். வலைப் பட்டியின் ஓரம் ஒரு பெண் முட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். செல்வி. கணவர் ஏழுமலை கோலோடு வரப்பில் நின்றார். இருவரும் திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர்கள்.

"அது எங்களுது இல்லைங்க," என்றார் செல்வி, நாங்கள் கேட்கும் முன்பே. "பொங்கலுக்கு முன்னாடி ஒருநா காலைல பாத்தா பட்டிக்குள்ள நிக்குது. தொரத்தினோம். போவல."

"அக்கா, இது இமயமலையத் தாண்டி வர்ற பறவை."

"அப்படியா? இங்க வரப்பத் தாண்டவே யோசிக்கும்ங்க."

ஏழுமலை சிரித்தார். நிசார் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது இறக்கை தொங்கியது. முனையில் சிறகுகள் குட்டையாக இருந்தன.

"வெட்டின மாதிரி இருக்கே."

"நாங்க எதுக்குத் தம்பி வெட்றோம்? வரும்போதே அப்படித்தான். நாய் கடிச்சிருக்கும்."

நானும் பார்த்தேன். வெட்டியதா, முறிந்ததா? பார்க்கப் பார்க்க இரண்டாகவும் தெரிந்தது.

அதற்குள் குழுவில் ஏழெட்டுச் செய்திகள். திருச்சியிலிருந்து இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "வளர்ப்பு வாத்தோட நிக்குதே. பிடிச்சு வச்சிருக்காங்களா? வனத்துறைக்குச் சொல்லணும்." நிசார் பதிவை அழித்தான். அழித்தது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

செல்வியிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னான்.

"பறவை பாக்க வந்தீங்களா, எங்கள மாட்டிவிட வந்தீங்களா?" கையிலிருந்த முட்டையைக் கூடையில் வைத்தார். "கேசுன்னு இவர இழுத்துட்டுப் போனா இத்தன வாத்த யாரு மேய்க்கிறது? நீங்க வந்து மேய்ப்பீங்களா?"

"கொண்டுபோய் ஏரில விட்டுடறோம்க்கா," என்றான் நிசார். அந்த நேரத்தில் அதுதான் சரியாகப் பட்டது.

ஏழுமலை லாவகமாகப் பிடித்து, துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார். பைக்கின் பின்னிருக்கையில் நான். நினைத்ததைவிடக் கனம். துண்டுக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது, அல்லது என்னுடையது. அதுவரை கத்தாத பறவை, வாத்துச் சத்தம் தேய்ந்ததும் கத்த ஆரம்பித்தது.

ஏரியில் விட்டோம். கொஞ்ச தூரம் நீந்தியது. கிளுவைகள் விலகிப் போயின. நடுவில் நின்று திரும்பிப் பார்த்தது. கரையில் இரண்டு நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. வாத்து கரையேறி எங்களை நோக்கி நடந்தது. நாய்களையும் நோக்கித்தான். நிசார் கல்லை எடுத்து வீசினான். நாய்கள் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன. போகவில்லை.

"வனத்துறைல குடுத்தா டாக்டர் பாப்பாருல்ல?" என்றேன்.

"எங்க பிடிச்சீங்கம்பாங்க. அந்த இறக்கையப் பாத்தா நானே வெட்டினதுன்னுதான் சொல்லுவேன்." இன்னொரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு, "இல்லைன்னும் சொல்லுவேன்."

வாத்து எங்கள் செருப்புக்கு அருகில் வந்து நின்றது.

திரும்பவும் துண்டு, திரும்பவும் பைக். வயலில் இறக்கிவிட்டதும் கழுத்தை நீட்டி ஓடி, கூட்டத்துக்குள் புகுந்துவிட்டது. செல்வி எங்களைப் பார்த்தார். திட்டவில்லை.

"அதுக்கென்ன தெரியும்," என்றார். ஏழுமலையிடம் திரும்பி, "நீ பட்டியச் சுருட்டு. சாயங்காலமே தெக்க போயிருவோம்."

நாங்கள் மெயின் ரோடு ஏறும்போது திருச்சிக்காரர்கள் அழைத்தார்கள். நிசார் வண்டியை ஓரம் கட்டினான்.

"பறந்துடுச்சு சார். ஆமா, நல்லாப் பாத்தேன். வடக்கால."

போனைப் பையில் போட்டுவிட்டு வண்டியை எடுக்காமல் நின்றான். அன்று கடையை மதியம்தான் திறந்தான்.

போக நினைப்பவர்களுக்கு. பொங்கல் முடிந்த வாரங்கள் நல்லவை. விடியலில் போங்கள், வெயில் ஏறினால் பறவைகள் புதருக்குள் போய்விடும். சேறு ஒட்டும், பழைய செருப்பு போதும். தங்காமல் எனக்கு ஆன செலவு, ரயில் இரண்டு பக்கமும் சேர்த்து, ஆயிரத்துக்குள். படம் போடும் முன் பறவைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இடத்தை உடனே போடாதீர்கள். வாத்துக்காரர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அடிபட்ட காட்டுப் பறவை கைக்கு வந்தால் வனத்துறைக்குச் சொல்லவேண்டும் என்பது சட்டம். அதை எழுதிவிட்டு, நாங்கள் செய்ததையும் எழுதியிருக்கிறேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எதை அழிப்பது என்று தெரியவில்லை.

அன்று கிளம்பும்போது நிசார் தன் எண்ணைச் செல்வியிடம் கொடுத்திருந்தான். போன வாரம் அவர் அதற்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அவன் எனக்கு அனுப்பினான். அடுக்கடுக்காகத் தட்டி கட்டிய மினி லாரி. கம்பிக்கு வெளியே பழுப்புத் தலைகள், நடுவில் ஒரு வெள்ளைத் தலை. கூடவே குரல் செய்தி: "வேற ஜில்லா போறோம் தம்பி. உங்க ஆளு எல்லாத்துக்கும் முன்னாடி ஏறி நின்னுக்கிச்சு. எறக்கிவிட்டாலும் ஏறுது."

"இதப் பாத்ததா கணக்குல சேத்துக்குவியா?" என்று அவனுக்கு எழுதினேன்.

பதில் வந்தது.

"இறக்கை வளந்திருக்கான்னு கேட்டிருக்கேன். சொல்றேன்."