மாமாவின் காதும் எங்கள் புது ஸ்பீக்கரும்

இன்று அரை நாள் லீவு போட்டு, கணவரின் அப்பாவைக் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டிவிக்குப் புது ஸ்பீக்கர் வாங்கியதிலிருந்து மாமாவுக்குச் செய்தி விளங்கவில்லை. "செய்தி வாசிக்கிற பிள்ளை வாய்க்குள்ளயே கதைக்குது" என்பார். நாங்கள் சத்தத்தைக் கூட்டுவோம். சுவர் அதிரும்.

"சத்தம் கேக்குது பிள்ளை, சொல்லுத்தான் விளங்கேல்லை."

காது போய்விட்டது என்று நாங்களே முடிவு கட்டி, அவரிடம் கத்திக் கதைக்கவும் பழகிவிட்டோம்.

பரிசோதித்த பெண் சிரித்தார். "வயசுக்கு ஐயாட காது நல்லா இருக்கு."

வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து காதில் பிழையில்லை என்று சொன்னதும் கணவர் ஸ்பீக்கரைக் கழற்றினார். உள்ளே ஒலி எழுப்பும் கோன்கள் இரண்டு இருந்தன. தடித்த ஒலியைப் பெரிய கோனுக்கும் மெல்லிய ஒலியைச் சின்னதுக்கும் பிரித்து அனுப்புவது கிராஸ்ஓவர் என்ற மின்சுற்று. இரண்டும் கைமாறும் இடத்தில்தான் மனிதக் குரல் இருக்கிறது. இதிலோ கிராஸ்ஓவர் என்ற பெயரில் கெப்பாசிட்டர் என்ற ஒரேயொரு மலிவான உதிரிப்பாகம் தொங்கியது. எல்லாம் பெரிய கோனிலேயே குவிந்து, குரல் அமுங்கிப் போயிருந்தது.

பழைய சின்ன ஸ்பீக்கரை மாட்டினோம். மாமா தானே சத்தத்தைக் குறைத்துவிட்டு, செய்தியை முழுவதும் கேட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா" என்றேன்.

"பரவாயில்லை பிள்ளை. டொக்டரிட்ட அந்தப் பெட்டியைத்தான் கொண்டுபோயிருக்க வேணும்."

நல்ல கிராஸ்ஓவர் செய்து தருபவர்களைத் தெரிந்தால் கீழே சொல்லுங்கள். மெதுவாகவே சொல்லலாம். இந்த வீட்டில் எல்லோருக்கும் காது கேட்கிறது.