மாமா சுட்ட எகிப்துத் துப்பாக்கி

என் மாமா பட்டாளத்தில் இருந்ததே இல்லை. பம்பாய் நடைபாதையில் வாங்கிய பழைய காக்கிச் சட்டையோடு லாஞ்ச் ஏறி, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் கரையிறங்கி, ராஸ் அல் கைமாவில் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தவர். அப்பா கல் குவாரியில் ஃபிட்டர். குவாரியின் கஃபீல், அதாவது அரபு முதலாளி, அந்தச் சட்டையைப் பார்த்து, சிப்பாயாக இருந்தவனா என்று கேட்டார். மாமாவுக்குக் கேள்வி புரிந்தது. வேலையும் வேண்டியிருந்தது. தலையாட்டினார். அன்றே வாச்மேன் ஆனார். அதன்பின் கஃபீல் அவரை 'அஸ்கரி' என்றே கூப்பிட்டார், சிப்பாய் என்று.

எனக்கு ஒன்பது வயது. அங்கே எனக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை, அதனால் பெரியவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கஃபீல் ஒரு சாக்குச் சுருட்டை மாமாவின் காலடியில் வைத்தார். உள்ளே துப்பாக்கி. அந்தப் பக்கத்தில் எல்லோரிடமும் இருந்தது, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் பழைய வெள்ளைக்காரத் துப்பாக்கிதான். இது எகிப்தில் செய்தது. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளுமாம். பல வருஷம் பேரீச்சம்பழக் கிடங்கில் கிடந்தது. தன் தம்பி மகன் கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுட வேண்டும், சுத்தம் செய்து சாயங்காலம் அஸ்கரியே சுட்டுக்காட்ட வேண்டும் என்று உடைந்த இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கதவைச் சாத்தினாள்.

"நெசத்தச் சொல்லிரு தம்பி. இதெல்லாம் தெரியாதுன்னு சொல்லிரு."

"சொன்னா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவான்க்கா. ஏத்தி அனுப்பிருவாங்க."

"ஏத்தி அனுப்புனா ஊர்ல போயி எறங்கலாம்," என்றார் அப்பா. "இது கையிலயே வெடிச்சா எங்கடா போயி எறங்குவ?"

மாமா சாக்கைப் பிரித்தார். மண்ணெண்ணெய் கேட்டார்.

உள்ளே இருந்த கிரீஸ் பழைய அல்வாபோல் இறுகியிருந்தது. அப்பாவின் கிழிந்த பனியன்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அப்பா நெடுநேரம் பார்த்தார். அடைப்பு இல்லை என்றார், வேறு எதற்கும் அவர் உத்தரவாதம் தரவில்லை. மேல்மூடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தபோது, உள்ளிருந்த இரும்பு எலிப்பொறிபோல் பாய்ந்து மாமாவின் கட்டைவிரலைக் கவ்வியது. மாமா அலறவில்லை. வெளியே கஃபீலின் டிரைவர் நின்றிருந்தான்.

சாயங்காலம் ஜீப் வந்தது. அப்பா ஏறப் போனார், இடமில்லை என்றார்கள். நான் மாமாவின் மடியில் ஏறிக்கொண்டேன்.

ஜீப் நின்ற மலையடிவாரத்து ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தோட்டாக்களை டிரைவரே ஏற்றிக் கொடுத்தான். கஃபீலும் அவர் தம்பியும் டிரைவரும் ஜீப்பின் பின்னால் போய் நின்றார்கள். நான் மாமாவின் சட்டையை விடவில்லை. அதுவரை என்னை அதட்டியே இராதவர், "அங்கிட்டுப் போடா சனியனே!" என்று பிடித்துத் தள்ளினார். விழுந்தேன். டிரைவர் என்னைத் தூக்கிக்கொண்டு போனான்.

"யல்லா, அஸ்கரி!" என்று அவசரப்படுத்தினார் கஃபீல்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். மலை இடிந்ததுபோல் இருந்தது. நானும் கண்ணை மூடிவிட்டேன், திறக்கவே பயமாக இருந்தது. திறந்தபோது மாமா மணலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் இருந்தன.

கஃபீல் சிரித்துக்கொண்டே ஓடிவந்து துப்பாக்கியை வாங்கினார். மிச்சத் தோட்டாக்களை அவரே படபடவென்று சுட்டுத் தீர்த்தார்.

அறைக்குத் திரும்பியதும் அம்மா மாமாவின் விரலுக்குத் துணி சுற்றிவிட்டு, திரும்பி உட்கார்ந்து அழுதாள். எனக்கோ ஒரே பெருமை.

"அத்தன பேரும் ஜீப்புக்குப் பின்னாடி போயிட்டாங்களே, ஒங்களப் பாத்துப் பயமா மாமா?"

"ஆமாடா. பட்டாளத்துக்காரன்ல!"

அதை நான் வெகுகாலம் நம்பினேன். பிறகு நானும் விசா இல்லாமல் பல ஊர் சுற்றினேன். ஓர் இடத்தில், வருஷக்கணக்காய் மூடிக்கிடந்த எண்ணெய்த் தொட்டியைத் திறந்து, முதலில் நீ இறங்கு என்றார்கள். உள்ளிருந்து வந்த நெடி மூச்சை அடைக்க, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் தள்ளிப் போய் நின்றிருந்தார்கள்.