மாட்டுவண்டிக்கு ஏது நம்பர்

அன்றுதான் சர்க்கரை ஆலையில் முதல் நாள் அரவை. காலை ஏழு மணிக்கே மாமனார் போன் செய்தார்.

"மாப்ள, கேட்டுல வுட மாட்றாங்க. வண்டிக்கு நம்பர் கேக்குது ஒங்க கம்ப்யூட்டர் பொட்டி. மாட்டுவண்டிக்கு ஏது நம்பரு? கொம்புலயா எழுதி ஒட்டுறது?"

சிதம்பரத்தில் என் மேசை முன்னால் உட்கார்ந்திருந்த நான் உடனே கம்ப்யூட்டரைத் திறந்தேன். கேட்டில் இருக்கும் புரோகிராமும் எடைமேடை புரோகிராமும் பேசிக்கொள்வதற்கான வரையறையை எழுதியவன் நான்தான். கரும்பு ஏற்றி வருவது லாரி, டிராக்டர், மாட்டுவண்டி, மூன்றில் ஒன்று. 'இதுவோ அதுவோ' என்று சொல்ல அந்த வரையறை மொழியில் வழியில்லை. அதனால் 'வண்டி' என்று ஒரு தாய் வகை, அதற்கு மூன்று பிள்ளை வகைகள் என்று எழுதினேன். பெரிய கெட்டிக்காரத்தனம்! பதிவு எண்ணைத் தாயிடம் வைத்தேன். தாயிடம் இருப்பது எல்லாப் பிள்ளைக்கும் வந்துதானே தீரும்? எனக்கு வேண்டாம் என்று மாட்டுவண்டி சொல்ல முடியாது. பொய் எண்ணைத் தட்டினால் ஏற்காதபடி ஒரு சரிபார்ப்பையும் நானே எழுதித் தொலைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் மாமனாரின் அதே வண்டியில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டவன் நான். அதில் நம்பர் பிளேட் இல்லாதது எழுதும்போது உறைக்கவில்லை. மடையன்.

எண்ணைத் தாயிடமிருந்து பிடுங்கி லாரிக்கும் டிராக்டருக்கும் மட்டும் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் எடைமேடைப் பக்கமும் கூடவே மாற வேண்டும். அதைப் பார்க்கும் கடலூர் நண்பன் போனை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். பதினோரு மணிக்கு எடுத்தான்.

"மச்சான், ஒரு வரிய எடுத்தா என்னுது மொத்தமும் வுழுந்துரும்டா. முழுசா மாத்தணும்."

"மாத்துடா! வெயில்ல மாடு நிக்குது, கரும்பு காயுது. ஒன் கால்ல வேணாலும் வுழுறேன்."

நடுவில் மாமனார் மறுபடி அழைத்தார். "கருப்பு மாடு படுத்துருச்சி மாப்ள." ஒரு மணிக்கு மேல் அவரிடமிருந்து போனே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கடவுளே, அந்த மாட்டுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வாய்விட்டே சொன்னேன். தட்டிய எழுத்தெல்லாம் தப்பித் தப்பி விழுந்தது.

நண்பனும் மாற்றி முடித்தபின் நாலு மணிக்கு மாட்டுவண்டிகள் உள்ளே போயின. கரும்பு சுண்டிப்போயிருந்தது. மாடு எழுந்து நடந்துவிட்டது. நான் மாமனாரை அழைத்தேன்.

"மன்னிச்சிருங்க மாமா," என்றேன்.

"அத வுடுங்க மாப்ள. இத எழுதுனவன் எவன்டான்னு கேட்டுல எல்லாரும் காறித் துப்புனாங்க. நானும் சேந்து துப்புனேன். பேசாம நின்னா, எழுதுனது என் மருமவன்னு கண்டுபுடிச்சிருவானுங்களே."